மறக்க வேண்டிய டிராம்

தவமணி: முதல்ல இருந்து வருவோம். கேட் சத்தம் கேக்குது. நீங்க கதவைத் தொறக்கிறீங்க. என்ன சொல்லுவீங்க?

நாகநாதன்: வாங்கண்ணே, உள்ள வாங்க, உக்காருங்க.

தவமணி: சரி. அப்புறம்?

நாகநாதன்: வெயில் கொளுத்துதே, ஃபெரில கூட்டமான்னு கேப்பேன்.

தவமணி: நல்ல கேள்வி. 'ஆமா நாகநாதன், சரியான கூட்டம்'ங்கிறார். நீங்க?

நாகநாதன்: கூட்டம்னா அந்தக் காலத்துல டிராம்ல...

தவமணி: ஐயோ!

நாகநாதன்: இல்ல... கூட்டம்னு சொன்னதும் தானா வந்திருச்சு...

தவமணி: அந்த ஒரு வார்த்தை வரக்கூடாதுன்னுதானே காலைலேருந்து தொண்டைத் தண்ணி வத்தக் கத்துறேன்? அம்பிகைபாகன் அண்ணே இப்ப வந்து நிப்பார். நம்ம பொண்ணு ஜெயா கல்யாணம் உங்க நாக்கு நுனியில தொங்குது, தெரியுதா இல்லையா?

நாகநாதன்: தெரியுது லா. நாக்குலதானே தொங்குது, கீழ விழாம பாத்துக்கிறேன்.

தவமணி: விளையாடாதீங்க! ஏற்கெனவே ரெண்டு இடம் போச்சு. எதனால போச்சு?

நாகநாதன்: ...என் ஞாபக சக்தியால.

தவமணி: சிரம்பான்காரங்க வந்தாங்க. மாப்பிள்ளையோட அம்மா, 'எனக்கு இன்னும் அம்பதே ஆகலை'ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. சும்மா சிரிச்சுட்டுப் போறதுக்கென்ன? நீங்க என்ன செஞ்சீங்க?

நாகநாதன்: அவங்க பிறந்த தேதியைச் சொன்னேன்.

தவமணி: கிழமையோட சொன்னீங்க!

நாகநாதன்: கிழமை தெரிஞ்சுது, சொன்னேன்.

தவமணி: ஒரு பொம்பளையோட வயசை அத்தனை பேர் முன்னால போட்டு உடைக்கலாமா? அப்புறம் அந்த ஈப்போக்காரர். சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சையில மூணு தடவை ஃபெயிலானதை நீங்கதானே...

நாகநாதன்: ரெண்டு தடவைதான். மூணாவது தடவை அவர் எழுதவே போகலை.

தவமணி: பாருங்க! பாருங்க! இதைத்தான் சொல்றேன். ஜெயாவுக்கு வாசுவைப் பிடிச்சிருக்கு, வாசுவுக்கு ஜெயாவைப் பிடிச்சிருக்கு. ஒரே ஸ்கூல்ல பாடம் சொல்லிக் குடுக்கிறாங்க, ஒரே பஸ்ஸுல வர்றாங்க. வாசுவோட அப்பா அம்பிகைபாகன் அண்ணே இன்னிக்கி வந்து 'சரி'ன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது. இந்த இடமும் போச்சுன்னா என் பொண்ணு முகத்தை நான் எப்பிடிப் பாப்பேன்?

நாகநாதன்: போகாது. நான் வாயே தொறக்கலை, போதுமா? ஆனா நீயே சொல்லு தவமணி... அது மறக்கக்கூடிய விஷயமா?

தவமணி: எனக்குத் தெரியாது. நான் கேக்கலை.

நாகநாதன்: தேவாரப் போட்டி. கோயில் மண்டபம் நிறைய ஆளுங்க. பன்னெண்டு வயசு அம்பிகைபாகன் நெத்தி நிறைய திருநீறு பூசிக்கிட்டு வந்து நிக்கிறார். முதல் அடி பிரமாதம்! ரெண்டாவது அடி... மறந்து போச்சு. வேர்த்துக் கொட்டுது. நிறுத்துனா மானம் போயிரும். அதே ராகம், அதே உருக்கம்... 'ஜெட்டி... சூலியா தெரு... பினாங்கு ரோடு...'

தவமணி: போதும்...

நாகநாதன்: படகுத்துறை ஜெட்டியிலேருந்து டிராம் போற வழியை ஒண்ணு விடாம பாடுறார்! 'ஆயர் ஈத்தாம்'னு சொல்லி முடிக்கிறப்போ கண்ணுல தண்ணி! நடுவரா வந்த பெரியவருக்குக் காது மந்தம். 'என்ன பக்தி, என்ன பக்தி'ன்னு தலையாட்டி, முதல் பரிசு கப்பைத் தூக்கிக் குடுத்துட்டார்!

தவமணி: ஹி... ஹி... ஐயோ, சிரிக்க வைக்காதீங்க! பணியாரம் கருகிரும்!

நாகநாதன்: நீயே சிரிக்கிறே.

தவமணி: நான் சிரிக்கலாம். நீங்க சிரிக்கக்கூடாது. அந்த மனுஷன் இப்ப கோயில் தலைவர். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அவர்தான் முன்னால நின்னு தேவாரம் பாடுறார். அந்தக் கப்பை ஹால்ல கண்ணாடி அலமாரியில வச்சு, வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் காட்டுறாராம். அவர்கிட்டப் போயி டிராம்னு சொன்னா, சம்பந்தம் பேச வந்தவர் செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிருவார். அதனால டிராம் மட்டுமில்ல, சின்ன வயசுல நீங்க ரெண்டு பேரும் போன அந்தத் தேவார வகுப்பையே மறந்துருங்க.

நாகநாதன்: வகுப்பு முழுசுமா?

தவமணி: முழுசும். யார் பாடுனா, யார் எங்க உக்காந்தா, ஒண்ணும் வேணாம்.

நாகநாதன்: யார் எங்க உக்காந்தாங்கறதுல என்ன இருக்கு? பத்து வயசு ஆனவங்க பெரிய பாய், ஆகாதவங்க சின்னப் பாய். அவர் பெரிய பாய். நான் சின்னப் பாய், தூண் பக்கத்துல...

தவமணி: பாயும் வேணாம் தூணும் வேணாம்! ஒண்ணைத் தொட்டா ஒண்ணு வரும்.

நாகநாதன்: உனக்கு ஏன் இப்பிடி வேர்க்குது?

தவமணி: அடுப்புக்கிட்ட நின்னா வேர்க்காதா? அந்த வகுப்பெல்லாம் எனக்கு என்ன தெரியும்? நான் கெப்பாலா பத்தாஸ் ஊர்க்காரி. உங்களை விட ரெண்டு வயசு சின்னவ வேற.

நாகநாதன்: ஆமா, ஆமா. ரெண்டு வயசு சின்னவ.

தவமணி: ஜெயா காலைல போறப்போ என்ன சொல்லிட்டுப் போனா?

நாகநாதன்: 'அப்பா, ஒண்ணை நினைக்காதேன்னு மனசை அதட்டுனா, அது அதையேதான் கட்டிப் பிடிச்சுக்கும்'னா. டீச்சர்ஸ் காலேஜ்ல சைக்காலஜி படிச்சவ.

தவமணி: அதனால?

நாகநாதன்: அதனால அதட்டக்கூடாது. அது வர்றப்பல்லாம் வேற ஒண்ணைத் தூக்கி மேல வச்சு மூடணும். ஆனா எதை வச்சு மூடுறது?

தவமணி: குளியலறை பைப்பு ஒரு வாரமா ஒழுகுதே, அதை நினைங்க. டிராம் வந்தா பைப்பு.

நாகநாதன்: டிராம் வந்தா பைப்பு.

தவமணி: பைப்புக்கும் அடங்கலைன்னா, ஒரு பயத்தம் பணியாரத்தை எடுத்து வாயில போட்டுக்குங்க. வாய் நிறைஞ்சிருந்தா பேச முடியாது.

நாகநாதன்: இது நல்ல சைக்காலஜி.

தவமணி: எனக்குப் புரியாதது ஒண்ணுதான். ஊர்ல உள்ள எல்லாரோட பிறந்த நாளும் கிழமையோட தெரியுது. மாசி மாசம் எனக்கு ஒரு பிறந்த நாள் வருதே, அது மட்டும் எப்பிடிங்க மறந்து போகுது? கல்யாணமான முதல் வருஷம் பூ வாங்கிட்டு வந்தீங்க. அதோட சரி.

நாகநாதன்: மனுஷன்னா மறதி இருக்காதா?

தவமணி: ஆனா புரட்டாசியானா சூலியா தெருவுக்குப் போயி ஒரு பொட்டலம் கல்கண்டு வாங்கிட்டு வர மட்டும் மறக்க மாட்டீங்க. எதுக்குன்னு கேட்டா 'சும்மா'. கல்கண்டு மேல இருக்கிற அக்கறை கட்டுன பொண்டாட்டி மேல இல்ல.

நாகநாதன்: கல்கண்டு இனிப்பா இருக்குமே.

தவமணி: ஓ, நான் கசப்பா? இருங்க, உங்களை... கேட் சத்தம்! வந்துட்டார்! சட்டைப் பொத்தானைப் போடுங்க. டிராம் வந்தா?

நாகநாதன்: பைப்பு.

அம்பிகைபாகன்: யாரு வீட்டுல?

நாகநாதன்: வாங்கண்ணே, உள்ள வாங்க, உக்காருங்க.

அம்பிகைபாகன்: அப்பாடா... என்ன வெயில், என்ன வெயில்! ஃபெரில வேற நிக்கக்கூட இடமில்ல தம்பி. ஒரே கூட்டம்.

நாகநாதன்: கூட்டமா? அந்தக் காலத்துல... பைப்பு!

அம்பிகைபாகன்: என்னது?

நாகநாதன்: குளியலறையில பைப்பு ஒழுகுதுண்ணே.

அம்பிகைபாகன்: ஓ... அப்பிடியா? நான் என்ன செய்யணும்?

தவமணி: ஒண்ணுமில்லண்ணே, அவருக்கு எப்பவும் வீட்டுக் கவலை. கோப்பி குடிங்க. பணியாரம் எடுத்துக்குங்க.

அம்பிகைபாகன்: நன்றி தங்கச்சி. ம்ம்... அருமையா இருக்கு. வாசுவோட அம்மாவுக்கு இந்தப் பதம் வரவே வராது. நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க. அப்புறம் ஒண்ணு சொல்லணும். எங்க வீட்டுக்கு நீங்க கட்டாயம் வரணும். ஹால்ல ஒரு கப்பு இருக்கு. சின்ன வயசுல தேவாரப் போட்டியில வாங்குனது. முதல் பரிசு!

நாகநாதன்: ம்ம்... ம்ம்ம்ம்...

அம்பிகைபாகன்: என்ன தம்பி, ஒண்ணுமே பேசலை?

தவமணி: வாய் நிறைய பணியாரம்ணே.

அம்பிகைபாகன்: நல்லா சாப்பிடுங்க, நல்லா சாப்பிடுங்க. சரி, விஷயத்துக்கு வர்றேன். பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் பிடிச்சிருக்கு. பொண்ணு தங்கமான பொண்ணு. ஜாதகத்தையும் பாத்தாச்சு, பொருந்தி வருது. எனக்கு ஜாதகந்தான் முக்கியம். இந்தக் காலத்துல சில பேரு வயசைக் குறைச்சு, நட்சத்திரத்தை மாத்தி எழுதிக் குடுக்கிறாங்க. பொய் ஜாதகம் குடுக்கிற வீட்டுல நான் பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்.

தவமணி: கோ... கோப்பி இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமாண்ணே?

அம்பிகைபாகன்: கப்பு நிறைஞ்சிருக்கு தங்கச்சி, வழியுது பாருங்க.

தவமணி: ஐயையோ... மன்னிச்சுக்குங்க.

அம்பிகைபாகன்: பரவால்ல, பரவால்ல. நானும் வந்ததுலேருந்து பாக்குறேன்... தங்கச்சி, உங்களை எங்கயோ பாத்திருக்கேன்.

தவமணி: கோயில்ல பாத்திருப்பீங்க. தைப்பூசத்துல... ரதம் பாக்க வர்றப்போ...

அம்பிகைபாகன்: இல்ல, இல்ல, பழைய ஞாபகம். உங்கப்பா கெப்பாலா பத்தாஸுக்கு மாத்தலாகி வர்றதுக்கு முன்னால எங்க இருந்தார்?

தவமணி: அது... சின்ன வயசு... எனக்கு ஞாபகமில்லண்ணே...

அம்பிகைபாகன்: அந்த முழி! அந்தக் கண்ணு எனக்கு மறக்காது. தேவார வகுப்புல எங்க அக்கா பக்கத்துல, ரெட்டைப் பின்னலோட ஒரு பொண்ணு உக்காரும். பெரிய பாயில. ஆமா... பெரிய பாயிலதான்! பேரு கூட என்னமோ தவ...

நாகநாதன்: டிராம்!

தவமணி: என்னங்க!

நாகநாதன்: டிராம்ணே! 'ஜெட்டி... சூலியா தெரு... பினாங்கு ரோடு...'

தவமணி: ஐயோ, பைப்பு! பைப்புங்க!

நாகநாதன்: '...ஆயர் ஈத்தாம்...!'

அம்பிகைபாகன்: என்ன... என்ன பாட்டு இது?

தவமணி: அண்ணே... அண்ணே, மன்னிச்சுக்குங்க. அவருக்குக் காலைலேருந்து உடம்பு சரியில்ல. என்ன பேசுறோம்னே தெரியாம...

அம்பிகைபாகன்: நீ... அன்னிக்கி அங்க இருந்தியா?

நாகநாதன்: சின்னப் பாயில இருந்தேண்ணே. தூண் பக்கத்துல.

அம்பிகைபாகன்: முழுசும் கேட்டியா?

நாகநாதன்: ஆயர் ஈத்தாம் வரைக்கும் கேட்டேன்.

தவமணி: எல்லாம் போச்சு... என் பொண்ணு வாழ்க்கை போச்சு...

அம்பிகைபாகன்: தம்பி.

நாகநாதன்: சொல்லுங்கண்ணே.

அம்பிகைபாகன்: டத்தோ கெராமாட்டை விட்டுட்டே.

நாகநாதன்: ...என்னண்ணே?

அம்பிகைபாகன்: பினாங்கு ரோடு தாண்டுனதும் டத்தோ கெராமாட்டு வரணும். அங்கதான் நான் ராகத்தை மேல தூக்குனேன். 'டத்தோ... கெராமா...ட்டு...'

நாகநாதன்: ஆமாண்ணே! ஆமா! கையைக் கூட இப்பிடித் தூக்குனீங்க!

அம்பிகைபாகன்: ஹா... ஹா... ஹஹ்ஹா! ஐயோ, வயித்தை வலிக்குது... தங்கச்சி, கொஞ்சம் தண்ணி... ஹஹ்ஹா...

தவமணி: இந்தாங்கண்ணே... அழறீங்களா, சிரிக்கிறீங்களா?

அம்பிகைபாகன்: ரெண்டுந்தான் தங்கச்சி. இத்தனை வருஷம் இதை மறக்கணும்னு நான் பட்ட பாடு யாருக்குத் தெரியும்? வாசுவோட அம்மாகிட்ட கூட சொன்னதில்ல. வெள்ளிக்கிழமை கண்ணை மூடிக்கிட்டுப் பாட ஆரம்பிச்சா, முதல் அடி முடியறப்போ நெஞ்சு படபடக்கும். அடுத்தது 'ஜெட்டி'ன்னு வாயில வந்துருமோன்னு! மறக்கணும் மறக்கணும்னு நினைச்சு நினைச்சு, தேவாரத்தை விட டிராம்தான் எனக்கு நல்லா மனப்பாடம்.

நாகநாதன்: அதட்டக்கூடாதுண்ணே. மேல ஒண்ணைத் தூக்கி வச்சு மூடணும். எங்க ஜெயா சொன்னா.

அம்பிகைபாகன்: ஓ... அதான் பைப்பு, பைப்புன்னியா?

தவமணி: நாந்தாண்ணே சொல்லிக் குடுத்தேன். உங்க மனசு நோகக்கூடாதுன்னு...

அம்பிகைபாகன்: என்ன தங்கச்சி நீங்க! இப்பத்தான் எனக்கு மூச்சே வருது. கூட ஒருத்தன் சேந்து சிரிச்சதும் பயம் போயிருச்சு. பொய்க் கப்பை அலமாரியில பூட்டி வச்சுக்கிட்டு நான் ஊருக்கு ஜாதக நியாயம் பேசுறேன்... ஹஹ்ஹா! தம்பி, சேந்து ஒரு தடவை பாடுவோமா? ஜெட்டியிலேருந்து?

நாகநாதன்: இப்பவேவா?

அம்பிகைபாகன்: இப்பவே! 'ஜெட்டி... சூலியா தெரு...'

நாகநாதன்: '...பினாங்கு ரோடு...'

தவமணி: மெதுவா! பக்கத்து வீட்டு சலேஹா எட்டிப் பாக்குறா!

அம்பிகைபாகன்: பாக்கட்டும், அவங்களும் ஏறிக்கட்டும்! '...டத்தோ... கெராமா...ட்டு...' ஆ, என்ன சுகம்! தை மாசம் கல்யாணத்தை வச்சுக்குவோம். நம்ம கோயில்லயே.

தவமணி: அண்ணே... நிஜமாவா?

அம்பிகைபாகன்: நிஜமா. இப்பிடி ஒரு சம்பந்தி எனக்கு வேற எங்க கிடைப்பார்? அந்தக் கப்பை ஜெயாவுக்கே குடுக்கிறேன், பூ வைக்கட்டும். சரி, நான் கிளம்புறேன், அடுத்த ஃபெரியைப் பிடிக்கணும்... இரு, இரு. தங்கச்சி, உங்ககிட்ட என்னமோ கேட்டுக்கிட்டு இருந்தேனே?

தவமணி: எ... என்கிட்டயா?

அம்பிகைபாகன்: என்னமோ நினைவுக்கு வந்துச்சு... சொல்ல வந்தேன்... அதுக்குள்ள டிராம் வந்து... ச்சே, சுத்தமா மறந்து போச்சு.

நாகநாதன்: விடுங்கண்ணே. முக்கியமானதா இருக்காது. வாங்க, பஸ் ஸ்டாப் வரைக்கும் நான் வர்றேன்.

அம்பிகைபாகன்: வேணாம் தம்பி, நீ போயி முதல்ல அந்தப் பைப்பைப் பாரு! வர்றேன் சம்பந்தி! '...ஆயர் ஈத்தா...ம்...'

தவமணி: ...போயிட்டாரா?

நாகநாதன்: தெருமுனை திரும்பிட்டார். இன்னும் பாட்டு கேக்குது.

தவமணி: உக்காருங்க இங்க.

நாகநாதன்: பைப்பைப் பாக்கணும்...

தவமணி: உக்காருங்கங்கிறேன்! காலைலேருந்து என்ன சொன்னேன்? எத்தனை தடவை சொன்னேன்? தட்டுல இருந்த பணியாரத்துல முக்கால்வாசியை முழுங்கிட்டு, அவ்வளவு நேரம் ஒழுங்கா இருந்துட்டு, அந்த நேரம் பாத்து ஏங்க கத்துனீங்க?

நாகநாதன்: வாய் தவறி வந்திருச்சு.

தவமணி: பொய். கப்பைப் பத்தி அவர் பேசுனப்போ தவறலை. கூட்டம்னப்போ பைப்புன்னு மாத்திட்டீங்க. அப்ப மட்டும் எப்பிடித் தவறும்?

நாகநாதன்: நல்லபடியாத்தானே முடிஞ்சுது?

தவமணி: முடிஞ்சுது... சந்தோஷமாத்தான் இருக்கு. ஜெயா வரட்டும், இனிப்பு செஞ்சு குடுக்கணும். எனக்கு ஆடணும் போல இருக்கு. ஆனா அவர் சிரிக்காம கோவிச்சுக்கிட்டுப் போயிருந்தா? அவ்வளவு பெரிய சூதாட்டம் எதுக்கு ஆடுனீங்க?

நாகநாதன்: டிராமை மறக்க முடியலை தவமணி.

தவமணி: என் பிறந்த நாளை மட்டும் மறக்க முடியுதாக்கும்!

நாகநாதன்: அது ரொம்பக் கஷ்டமான வேலை. ஒண்ணை மறந்த மாதிரி இருக்கணும்னா, அது எங்க இருக்குன்னு தினம் ஞாபகம் வச்சிருக்கணும். இல்லாட்டி கால் தட்டிரும்.

தவமணி: என்ன உளர்றீங்க? எது எங்க இருக்குன்னு?

நாகநாதன்: கல்யாணமான முதல் வருஷம் மாசியில பூ வாங்கிட்டு வந்தேனே, அப்ப உன் முகம் போன போக்கைப் பாத்தேன். அதோட மாசியை மறந்துட்டேன்.

தவமணி: ...எதுக்கு?

நாகநாதன்: விடு. ஜெயா வர்ற நேரம்.

தவமணி: விட மாட்டேன். சொல்லுங்க. என் பிறந்த நாள் உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?

நாகநாதன்: எதைக் கேக்குறே? ஜப்பான்காரன் காலத்துல கல்யாணம் தள்ளிப் போச்சேன்னு உங்கப்பா பயந்துபோயி ஜாதகத்துல வயசைக் குறைச்சு, மாசின்னு மாத்தி எழுதுனாரே, அதையா... இல்ல, அம்பிகைபாகன் அண்ணே டிராம் ஓட்டுன அன்னிக்கி, ஒரு புரட்டாசி மாசத்துல, ரெட்டைப் பின்னலோட பெரிய பாயிலேருந்து எழுந்து வந்து, 'இன்னிக்கி எனக்குப் பதினொண்ணு'ன்னு சொல்லி, சின்னப் பாயில தூண் பக்கத்துல உக்காந்திருந்த ஒம்பது வயசுப் பையன் கையில கல்கண்டு வச்சியே, அதையா?